ஐயாயிரம் ரூபாவுக்கு எத்தனை நாள் சாப்பாடு?

ஸ்டடி லீவுக்கு வீட்டை வந்து நிண்ட ரெண்டாம் நாள்தான் கவனித்தேன், அம்மம்மா இரவில் சாப்பிடுவதில்லை. ஒரு வெறுந்தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. சில நாளில் ரெண்டு கிறீம் கிறாக்கர். கேட்டால், "வயது போனா ராவில பசிக்காது பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பாயை விரிக்கப் போய்விடுவா. நானும் முதலில் நம்பிவிட்டேன். வயது போனவர்கள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார்கள் என்று சின்னனில் இருந்து கேட்டு வளர்ந்த ஆட்கள்தானே நாங்கள்.

அதே கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். லைனில் இருந்த நேரம் பொழுதுபோகாமல் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு முறையும் நிறையை எழுதியிருந்தார்கள். போன வருடத் தொடக்கத்தில் 47 கிலோ. இப்ப 42. அம்மம்மா பருமனான ஆளே இல்லை, குறைவதற்கு அவவிடம் ஐந்து கிலோ மிச்சம் இருக்கவில்லை. டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு "என்ன அம்மா சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டார். "எல்லாம் சாப்பிடுறனான் தம்பி" என்றா. நான் பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தேன், அது வேறு கதை. முட்டை, மீன், பால், பருப்பு, கீரை இவற்றைக் கூட்டச் சொன்னார். வயது போனால் சதை கரையும், அதனால் புரதம் குறைவாக இல்லை, கூடத்தான் வேணும், இல்லாவிட்டால் விழுந்து எழும்பமாட்டா என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அம்மம்மா சொன்னா: "அவர் சொன்னதெல்லாம் எனக்கு வாங்கினா, உன்ர தம்பிக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அன்றிரவு இருந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

அம்மம்மாவுக்கு 76 வயது. அப்பப்பா, அம்மப்பா யாரும் அரசாங்க உத்தியோகம் பார்த்த ஆட்கள் இல்லை, அதனால் எங்கள் வீட்டில் பென்சன் என்ற சொல்லுக்கு இடமில்லை. அவவின் கையில் வருகிற ஒரே நிரந்தரக் காசு, 70 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் தருகிற கொடுப்பனவு. பல வருடமாக அது 2000 ரூபாவாக இருந்தது. அஸ்வெசும வந்தபின் 2024 இல் 3000 ஆனது. 2025 ஏப்ரலில் இருந்து 5000. ஒவ்வொரு மாதமும் தபாற்கந்தோருக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவா. வந்ததும் காசைத் தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டு, கலண்டரின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவா. வாசிக்கத் தெரிந்த கணக்குத்தான்: மண்ணெண்ணெய், தலையிடித் தைலம், சந்நிதிக்குப் பஸ் காசு, தம்பிக்குக் கொப்பி, வெற்றிலை, பால்மா.

பால்மாவைப் பார்ப்போம். 400 கிராம் பைக்கற் ஆயிரம் ரூபாவைத் தாண்டி நிற்கிறது. நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசாங்கம் வைத்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. 5000 ரூபாவை முப்பதால் பிரித்தால் ஒரு நாளுக்கு 166 ரூபா. நான் கம்பஸ் கன்ரீனில் சோறு ஒருநேரம் சாப்பிட்டு ஒரு பிளேன்ரீயும் குடித்தால் அதைவிடக் கூட முடியும். இது ஒருவரின் முழு நாளுக்கு. அதுவும் அந்த 5000 முழுவதும் சாப்பாட்டுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால்.

"அப்ப கூட்டித் தந்திருக்கினம்தானே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். கூட்டித் தந்தார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. 2000 இல் இருந்து 5000 என்பது கேட்க இரண்டரை மடங்கு. ஆனால் 2022 செப்டெம்பரில் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த வருடத்தில் அம்மம்மாவின் அடிப்படைக் கொடுப்பனவு 2000 தான். இடையில் சில மாதம் மேலதிகமாக ஒரு தொகை வந்தது, பிறகு பழையபடி. இப்போது பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம், ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கும். எங்கள் பட்ஜில் இதை ஒரு பரீட்சைக் கேள்வியாகப் படித்தோம். அம்மம்மா அதைச் சந்தையில் படிக்கிறா.

எனக்கு உண்மையில் கோபம் வருவது தொகை காணாது என்பதில் மட்டும் இல்லை. அந்தத் தொகை எதோடும் கட்டப்படவில்லை என்பதில்தான்.

பெற்றோலுக்கு ஒரு விலைச்சூத்திரம் இருக்கிறது, மாதாமாதம் உலக விலையைப் பார்த்து மாற்றுகிறார்கள். மின்சாரக் கட்டணத்தையும் செலவைப் பார்த்துத் திருத்துகிறார்கள். நாங்கள் கட்டவேண்டியது எல்லாம் விலையோடு சேர்ந்து அசைகிறது. அம்மம்மாவுக்கு வரவேண்டியது மட்டும் அசையாது. யாராவது ஒரு நிதியமைச்சர் ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் மனம் வைத்தால் ஒரு தடவை குதிக்கும், பிறகு பல வருடத்துக்கு அதே இடத்தில் இருக்கும்.

இது புதிதும் இல்லை. இதே நாட்டில் இதே தவறு ஒருக்கால் நடந்தது, அம்மம்மா அதை நேரில் பார்த்தவ. அவ சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் கூப்பன் இருந்தது. இரண்டாம் உலகப்போர் நேரம் தொடங்கிய பங்கீடு அது. கூப்பனைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் கொடுத்தால் அரிசி. எத்தனை கொத்து என்பதும் என்ன விலை என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறினாலும், கையில் வந்து சேர்ந்தது அரிசிதான். உலகச் சந்தையில் விலை ஏறினால் அது திறைசேரியின் தலையிடி. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வந்தது, டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டார். அப்போது நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன.

அதே ஜே.ஆர். ஜனாதிபதியாக இருந்த 1979 இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும். அரிசிக்குப் பதில், ரூபாப் பெறுமதி அடித்த தாள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, 8 இல் இருந்து 12 வரை 20 ரூபா, அதற்கு மேல் எல்லாருக்கும் 15 ரூபா. எங்கள் வீட்டுக் கணக்கில் பார்த்தால் அம்மாவுக்கு 25, அம்மம்மாவுக்கு 15, அம்மம்மாவின் தாய்க்கும் 15. குழந்தைக்குக் கூடக் கொடுத்தது சரி. ஆனால் அந்த அட்டவணையில் முதியவர் என்று ஒரு ஆளே இல்லை, பன்னிரண்டு வயது தாண்டினால் எல்லாரும் ஒரே வாய்தான்.

விலைகள் ஏறின. முத்திரையில் அடித்த எண் ஏறவில்லை. சில வருடங்களிலேயே அதன் உண்மைப் பெறுமதி பாதிக்கும் கீழே போனது. யாரும் முத்திரையை நிறுத்தவில்லை, யாரும் வெட்டினேன் என்று அறிவிக்கவில்லை, அதனால் ஹர்த்தாலும் வரவில்லை. அம்மம்மா இதைச் சொல்லும் விதம் வேறு: "கூப்பன் எண்டா அரிசி. முத்திரை எண்டா கடைக்காரன் சொல்லுறது."

நான் அபிவிருத்தி பற்றி எழுதின அசைன்மென்ற்றில் மூன்று பக்கத்தில் சொல்லப் பார்த்த விசயம் இதுதான். அவவுக்கு ரெண்டு வசனம் காணும்.

அப்படியென்றால் திரும்பவும் அரிசியும் பருப்புமாகக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். அதுதான் சரி என்றும் நினைத்தேன். அம்மம்மா ஒத்துக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றது அவவுக்கு இன்னும் மறக்கவில்லை. வந்ததைத்தான் வாங்கவேணும், வண்டு பிடித்த மாவென்றாலும். சீனி முடிந்தது என்றால் முடிந்ததுதான். "கையில காசிருந்தா ஒரு முட்டை வாங்கலாமோ கீரை வாங்கலாமோ எண்டு நான் நினைப்பன். அட்டை இருந்தா அவை நினைப்பினம்." பல்லில்லாத ஆளுக்குக் கடலையும், பிரஷர்காரருக்குக் கருவாடும் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துப் போடுகிற உலர்உணவுப் பொதிகளை நாங்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆகவே காசு. ஆனால் சாப்பாட்டின் விலையோடு கட்டின காசு.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு என்று ஒன்றை மாதாமாதம், மாவட்டம் மாவட்டமாக வெளியிடுகிறது. ஒரு ஆள் ஒரு மாதம் அடிப்படையாகச் சாப்பிட்டு உடுத்து வாழக் குறைந்தது எவ்வளவு வேணும் என்ற கணக்கு. 2025 இல் நாடு முழுவதற்குமான கோடு 16,000 ரூபாவுக்கு மேல். அம்மம்மாவின் 5000 அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கோட்டின் இன்ன வீதம் முதியோர் கொடுப்பனவு என்று சட்டத்தில் எழுதிவிட்டால், கோடு ஏறும்போது காசும் ஏறும். அமெரிக்காவில் உணவு உதவித் தொகையை ஒரு சாப்பாட்டுக் கூடையின் விலையை வைத்து ஒவ்வொரு ஒக்ரோபரிலும் திருத்துகிறார்கள். அங்கேயும் ஆயிரம் பிரச்சினை, அது வேறு. எண்ணைத் திருத்துகிற தேதியாவது கலண்டரில் இருக்கிறது.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: நியாயமான கேள்வி. கடன்பட்ட நாடு. அதிலும் வயது போனவர்கள் வேகமாகக் கூடுகிற நாடு, 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 7.9 வீதம், 2024 இல் 12.6 வீதம். ஆனால் இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் ஒரே குரலில் கேட்பதில்லை. அம்மம்மாவுக்கு 3000 ஐ 5000 ஆக்கின அதே 2025 வரவுசெலவுத் திட்டம்தான் எங்கள் மகாபொலவை 5000 இல் இருந்து 7500 ஆக்கியது. அதே ஏப்ரல். எங்களுக்கு ஏன் கூடியது? நாங்கள் பல வருடம் றோட்டில் இறங்கினோம், பதாகை பிடித்தோம், கண்ணீர்ப்புகை வாங்கினோம். 76 வயதுக்காரர் யார் றோட்டில் இறங்குவார்? தபாற்கந்தோர் வாசலில் காலை ஏழு மணிக்கே வந்து குந்தியிருக்கும் ஆட்கள்தான் அவர்களின் சங்கம், அங்கே பேசுவது முழங்கால் நோவைப் பற்றி.

இன்னொன்றையும் சொல்லவேணும், சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். நான் முதலாம் வருடம் இருந்தபோது மகாபொல வரப் பிந்தியது. போர்டிங் காசும் பஸ் காசும் அம்மாவுக்கு ஏலாமல் போனது. அந்த மாதங்களில் அம்மம்மா எனக்கு 1000 ரூபா தந்துவிடுவா. அப்போது அவவின் கொடுப்பனவு 3000. கொப்பியில் 47 என்று எழுதியிருந்ததும் அந்த வருடம்தான். நான் அந்தக் காசில் கன்ரீனில் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது நான் வாங்குவதில்லை. போன மாதம் முட்டை வாங்கிக்கொண்டு வந்து, இது உங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் தம்பியின் கோப்பையில் பொரியலாகக் கிடக்கிறது. ஆகவே கொடுப்பனவைக் கூட்டினால் அம்மம்மா உடனே சாப்பிடத் தொடங்கிவிடுவா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். குறைவாக இருக்கிற வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் காணும் என்ற நிலை வந்தால்தான் அவவுக்கு "ராவில பசிக்கும்".

யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றிப் பேசினால் ஒரு பதில் ரெடியாக இருக்கும்: "பிள்ளையள் வெளியில தானே, காசு வரும்." வருகிற வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரிய மேல்மாடி வீடு. அதில் தனியாக இருக்கிற ஆச்சிக்கு அந்த வீடு சொந்தமில்லை. கனடாவில் இருக்கிற தூரத்துச் சொந்தக்காரரின் வீட்டுக்குக் காவல் இருக்கிறா. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் ஏதாவது அனுப்புவார்கள். அஸ்வெசும பதிவுக்கு வந்தபோது வீட்டைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், கரண்ட் பில்லைக் கேட்டார்கள். வீட்டின் அளவு, மின்பாவனை, வாகனம், காணி என்று 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிற முறை அது. ஆச்சியின் அடுப்பில் என்ன இருக்கிறது என்பது அந்த 22 க்குள் எங்கே வரும் என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவ தொண்டைமானாற்றுக்குப் பஸ் ஏறுவா. செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்று பெயர், மடங்களில் சாப்பாடு கிடைக்கும். பக்தியும் உண்டுதான். ஆனால் கையில் ஒரு மூடி போட்ட டப்பாவும் கொண்டுபோவா. சனிக்கிழமைக்கு.

குடும்பத்துக்கு என்று புள்ளி போடுவதை முதியவர் விசயத்திலாவது விடவேண்டும் என்பது என் எண்ணம். எழுபது தாண்டின ஆள், பென்சன் இல்லை, அவ்வளவும் போதும். யாருடைய வீட்டில் படுக்கிறார் என்று பார்க்கத் தேவையில்லை. சில பணக்காரர் வாங்கிவிடுவார்கள் என்பது உண்மை. அவர்களைப் பிடிப்பதற்காக ஆச்சியை விடுவது எனக்குக் கணக்காகப் படவில்லை.

எழுபது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதானால் நீங்கள் முதியவர். முதியோர் அடையாள அட்டையும் கிடைக்கும். காசு 70 க்குத்தான். இடையில் பத்து வருடம். எங்கள் ஒழுங்கையில் மேசன் வேலை செய்த ஒரு மாமா இருக்கிறார், 64 வயது. முதுகு போய்விட்டது, யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. சட்டத்தின்படி அவர் முதியவர், கொடுப்பனவின்படி இளைஞர். "அட்டையைக் காட்டினா பஸ்ஸில சீற் தாறாங்கள், இருந்து எங்க போறது?" என்று பகிடியாகச் சொல்வார்.

இதை எழுதி முடித்துவிட்டு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டைப் பொரியல் வந்த இடத்தில் சிரித்தா. ஆயிரம் ரூபா வந்த இடத்தில், "அதையெல்லாம் ஏன் எழுதினனி?" என்று கேட்டா. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "1979 இல எனக்குப் பதினைஞ்சு ரூபா எண்டது சரி. ஆனா மண்ணெண்ணெய்க்கும் முத்திரை தந்தவங்கள், அதை விட்டிட்டாய்" என்று திருத்தினா. சேர்த்துவிட்டேன்.